11, 31, 6, அப்புறம் எண்ணே இல்லாத ஒருவர்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கனடா வீரர்களின் கணக்கு

2025 ஜூன் 22 அன்று ஓக்லஹோமா சிட்டியில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் நடந்தது. உள்ளூர் அணியான தண்டர், இண்டியானா பேசர்ஸை வென்று கோப்பையை எடுத்தது. தண்டருக்காக ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் 29 புள்ளிகள் அடித்தார். அவர் அணியின் முரட்டுத் தடுப்பாளர் லூ டோர்ட். எதிரணியில் ஆண்ட்ரூ நெம்ப்ஹார்ட், பெனடிக்ட் மாத்துரின். நால்வரும் கனடாக்காரர்கள். நால்வரும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்கு வந்தவர்கள்.

ஒற்றுமை அதோடு முடிகிறது. ஷே கென்டக்கியில் ஒரே ஒரு வருடம் ஆடினார், என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் 11-வது ஆளாக எடுக்கப்பட்டார். மாத்துரின் அரிசோனாவில் இரண்டு வருடம், 6-வது இடம். நெம்ப்ஹார்ட் ஃப்ளோரிடாவில் இரண்டு, கொன்சாகாவில் இரண்டு என நான்கு வருடம் ஆடி 31-வது இடத்தில் வந்தார். டோர்ட் அரிசோனா ஸ்டேட்டில் ஒரு வருடம் ஆடினார். டிராஃப்டில் அவர் பெயரை யாருமே கூப்பிடவில்லை.

ஒவ்வொரு வருடமும் மார்ச் முதல் ஜூலை வரை செய்திகள் வரிசையாக வரும். இன்னார் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார், இன்னார் பெயரைத் திரும்பப் பெற்றார், இன்னார் போர்ட்டலில் நுழைந்தார், இன்னாருக்கு டூ-வே ஒப்பந்தம். தனித்தனியாகப் படித்தால் தலை சுற்றும். இவையெல்லாம் ஒரே கணக்கின் வெவ்வேறு வரிகள். அந்தக் கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்த்தால், டிராஃப்ட் எண்ணுக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்று தோன்றும்.

## எல்லை தாண்டுவது ஏன்?

கனடாவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து இல்லாமல் இல்லை. யு ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகம் அதில் பதினைந்துக்கும் மேற்பட்ட ஆண்கள் பட்டங்களை அள்ளியிருக்கிறது. அங்கே தரம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று விஷயங்களில் அமெரிக்காவோடு போட்டி போட முடியாது.

1. உதவித்தொகை. யு ஸ்போர்ட்ஸ் விதிப்படி விளையாட்டு ஸ்காலர்ஷிப் கல்விக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுக் கல்லூரியில் முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அடங்கும்.

2. எதிராளி. முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. வாரம் இரண்டு முறை, நாளைக்கு என்.பி.ஏ.வில் ஆடப்போகிற ஒருவருக்கு எதிரே நின்று பழகலாம்.

3. பார்க்கும் கண்கள். என்.பி.ஏ. அணிகளின் தேர்வாளர்கள் நவம்பர் முதல் அந்த அரங்குகளிலேயே பழியாகக் கிடப்பார்கள். மார்ச் மாதத்து 68 அணிப் போட்டியைத் தேசமே டி.வி.யில் பார்க்கும்.

பழைய உதாரணம் ஸ்டீவ் நாஷ். பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில் வளர்ந்த அவருக்கு முதல் பிரிவில் ஒரே ஒரு கல்லூரிதான் ஸ்காலர்ஷிப் கொடுத்தது: கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா. 1996-இல் 15-வது ஆளாக டிராஃப்ட் ஆனார். 2005, 2006 என அடுத்தடுத்து இரண்டு முறை என்.பி.ஏ.வின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினார். அவர் காலத்தில் கனடா இளைஞர்களைத் தேடி யாரும் வரவில்லை. பயிற்சியாளர்களுக்கு வீடியோ கேசட் அனுப்பிக் காத்திருந்த காலம் அது.

இன்று நிலைமை தலைகீழ். 1995-இல் டொரன்டோ ராப்டர்ஸ் அணி தொடங்கியது. அதன் நட்சத்திரமாக வின்ஸ் கார்ட்டர் வந்தார். அவர் எம்பி வளையத்துக்குள் பந்தைக் குத்துவதைப் பார்த்து ஒரு தலைமுறை வளர்ந்தது. பின்னாளில் டிராஃப்டில் முதலிடம் பெற்ற ஆண்ட்ரூ விக்கின்ஸ் பிறந்ததே அந்த 1995-இல்தான். பிராம்ப்டன், மிசிசாகா, ஸ்கார்பரோ என்று நம்மவர்கள் பலருக்குச் சொந்தக்காரர் வீட்டு முகவரியாக மட்டுமே தெரிந்த ஊர்கள் இன்று தேர்வாளர்களின் பயணப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கின்றன. அமெரிக்காவுக்கு வெளியே அதிக என்.பி.ஏ. வீரர்களைத் தரும் நாடு பல வருடங்களாகக் கனடாதான். சமீப சீசன்களில் தொடக்க நாள் பட்டியலிலேயே இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அந்த எண்ணிக்கையை அப்படியே விழுங்கவும் வேண்டாம். டிரே லைல்ஸ் சஸ்கட்செவனில் பிறந்தவர், வளர்ந்தது இண்டியானாவில். பிராண்டன் கிளார்க் வான்கூவரில் பிறந்து அரிசோனாவில் வளர்ந்தவர். பட்டியலில் இருவரும் கனடாக்காரர்களாகவே எண்ணப்பட்டார்கள். அதேபோல கனடாவிலேயே வளர்ந்த பலரும் பள்ளியின் கடைசி வருடங்களுக்கு அமெரிக்கா போய்விடுகிறார்கள். ஷே டென்னசியில் ஒரு பள்ளிக்குப் போனார், ஆர்.ஜே. பாரெட் ஃப்ளோரிடாவில் மான்ட்வெர்டுக்கு. ஒன்டாரியோவின் ஆரஞ்ச்வில் பக்கத்துப் பயிற்சிப் பள்ளியிலேயே தங்கிப் படித்து நேராகக் கென்டக்கி போன ஜமால் மர்ரே போன்றவர்களால் உள்ளூரிலும் வழி உண்டு என்பது நிரூபணமானது.

## டிராஃப்ட்: ஏலம் இல்லை, வரிசை

நம் ஊர் வாசகர்கள் ஐ.பி.எல். ஏலத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். ஏலத்தில் யார் அதிகப் பணம் சொல்கிறாரோ அவருக்கு வீரர். டிராஃப்டில் பண விளையாட்டே இல்லை. அணிகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒருவராக எடுக்கும். எந்த அணியில் ஆடுவது என்பதில் வீரருக்குப் பேச்சே கிடையாது.

1. மொத்தம் இரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு 30 இடம். சில வருடம் தண்டனையாக ஓரிரு இடம் பறிபோகும். 2025-இல் 59 பேர்தான்.

2. பிளே-ஆஃபுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்குள் குலுக்கல் நடக்கும். மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்க ஆளுக்கு 14% வாய்ப்பு.

3. வயது விதி 2006 டிராஃப்டிலிருந்து அமலில் இருக்கிறது. அந்த வருடத்துக்குள் 19 நிறைய வேண்டும். பள்ளி முடித்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். ஒரு வருடம் மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டு ஓடும் பழக்கம் இதனால் வந்தது.

4. ஐரோப்பாவில் ஆடும் ஒருவர் 22 வயதானால் தானாகவே டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார். அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்த கனடாக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. கல்லூரி ஆட்டக்காலம் முடியும் முன் வர வேண்டுமென்றால் அமெரிக்கரைப் போலவே பெயர் கொடுத்துத்தான் வர வேண்டும்.

5. பெயர் கொடுத்தவர் குறித்த தேதிக்குள் திரும்பப் பெறலாம். இதில் இரண்டு கெடு: என்.சி.ஏ.ஏ. வைப்பது மே கடைசியில், என்.பி.ஏ. வைப்பது ஜூனில். முதல் கெடுவைத் தவறவிட்டவர் கல்லூரிக்குத் திரும்புவது பெரும்பாடு.

இன்னார் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார் என்ற செய்தி ஏப்ரலில் வந்தால் அதற்கு அர்த்தம் பாதிதான். ஆழம் பார்க்கப் போகிறார், அவ்வளவே. மே கடைசியில் என்ன செய்தார் என்பதுதான் செய்தி.

இன்னொரு கோடு 30-க்கும் 31-க்கும் நடுவில் இருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு ஊதியம் அட்டவணைப்படி. முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் எதுவும் உறுதியில்லை, பேசி வாங்க வேண்டும். 2022-இல் நெம்ப்ஹார்ட் 31-வது ஆளாகப் போனார், அதாவது கோட்டை ஒரு அடி தாண்டி. ஆனால் 31-வது இடம் ஒரு விசித்திரமான இடம். உறுதி இல்லை, அதே சமயம் அட்டவணையின் கடிவாளமும் இல்லை. பேசத் தெரிந்த முகவர் இருந்தால் 30-வது ஆளைவிட நல்ல ஒப்பந்தம் வாங்கலாம், நெம்ப்ஹார்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் வாங்கினார். இரண்டே வருடத்தில் இண்டியானா அதை மூன்று வருட நீட்டிப்பாக மாற்றியது. தொகை 5.9 கோடி டாலர்.

## விக்கின்ஸும் எஜிமும்

கல்லூரியில் நன்றாக ஆடுவதும் தொழில்முறையில் எடுபடுவதும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள 2013-14 சீசனை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பில் இரண்டு கனடாக்காரர்கள் ஆடினார்கள். கான்சஸில் ஆண்ட்ரூ விக்கின்ஸ், வயது 18, முதல் வருட மாணவர். ஐயோவா ஸ்டேட்டில் டொரன்டோக்காரர் மெல்வின் எஜிம், நான்காம் வருடம். பிப்ரவரியில் டி.சி.யு. கல்லூரிக்கு எதிராக எஜிம் ஒரே ஆட்டத்தில் 48 புள்ளிகள் அடித்தார். அந்தக் கூட்டமைப்பில் அதுவரை யாரும் அடிக்காத எண்ணிக்கை. சீசன் முடிவில் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. கான்சஸில் விக்கின்ஸோடு ஆடிய ஜோயல் எம்பீட் உட்பட எல்லாரையும் தாண்டி வாங்கிய விருது.

ஜூனில் டிராஃப்ட். விக்கின்ஸ் முதலிடம். எம்பீட் மூன்றாமிடம். எஜிம் அறுபது பேரில் இல்லை.

கண்மூடித்தனம் என்று தோன்றும். என்.பி.ஏ.வின் பார்வையில் அது சரியான கணக்கு. எஜிம் ஆறரை அடியைச் சற்றே தாண்டியவர், கல்லூரியில் கூடைக்கு அருகே ஆடிப் புள்ளி எடுத்தவர். என்.பி.ஏ.வில் அந்த இடத்தில் நிற்பவர்கள் அவரைவிட அரை அடி உயரம். வெளியிலிருந்து ஆட வேண்டுமென்றால் அதற்கான பந்துக் கட்டுப்பாடும் தூர எறிதலும் போதாது. அதோடு வயது 23. விக்கின்ஸுக்கு வளர நான்கு வருடம் பாக்கி; எஜிம் ஏற்கனவே வளர்ந்து முடித்தவர் என்று எண்ணினார்கள். கல்லூரி அணி இன்றைக்கு ஜெயிக்க ஆள் தேடுகிறது. என்.பி.ஏ. அணி 25 வயதில் எப்படி இருப்பார் என்று பார்த்து எடுக்கிறது.

சரி, அந்தப் பார்வை எப்போதும் பலிக்குமா? அதற்கு ஒரு வருடம் முன்புதான் கிளீவ்லாந்து அணி முதலிடத்தில் பிராம்ப்டனைச் சேர்ந்த ஆண்டனி பென்னெட்டை எடுத்தது. முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் கனடாக்காரர் அவர். தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து, உடல் ஆட்டத்துக்குத் தயாராகாமலே வந்தார். முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 4.2 புள்ளிகள். நான்கு சீசனில் நான்கு அணி, 151 ஆட்டங்கள், அதோடு என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. அவரைத் தோல்விக்கு உதாரணமாக எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 2013-இல் அவரை எட்டாவது இடத்தில் எடுத்திருந்தால் யாரும் இன்று அவர் பெயரை எடுத்திருக்க மாட்டார்கள். எண் ஒன்று என்பதே அவர் தலையில் வைத்த பாரம்.

## டோர்ட்: ஒரே வேலையைச் செய்யத் தெரிந்தவர்

மொன்ட்ரியால் வடக்கில், ஹைட்டியிலிருந்து வந்த குடும்பத்தில் வளர்ந்தவர் லூ டோர்ட். அரிசோனா ஸ்டேட்டில் முதல் வருடமே சராசரி 16 புள்ளிகள் எடுத்தார். முதல் சுற்றின் கடைசியிலாவது எடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2019 டிராஃப்ட் இரவில் கனடாவைச் சேர்ந்த ஆறு பேர் எடுக்கப்பட்டார்கள், அது கனடாவுக்குச் சாதனை. ஏழாவதாக டோர்ட் இல்லை. காரணம் வெளிப்படை. கல்லூரியில் அவர் பந்தை வைத்துக்கொண்டு மோதி உள்ளே நுழைந்து அடித்தவர். தூரத்திலிருந்து எறியும் மூன்று-பாயிண்ட் எறிதலில் வெற்றி சுமார் 31%. ஆறடி மூன்று அங்குல உயரத்தில் அப்படி ஆடுகிறவருக்கு என்.பி.ஏ.வில் யாரும் பந்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

ஓக்லஹோமா அவருக்கு டூ-வே ஒப்பந்தம் கொடுத்தது. 2017-இல் வந்த ஏற்பாடு இது. ஒரு அணியின் வழக்கமான 15 இடத்துக்கு வெளியே உள்ள இருக்கை. இப்போது அணிக்கு மூன்று. வீரர் பாதி நாள் ஜி லீக் என்ற துணை லீக்கில் ஆடும் இளைய அணியில், பாதி நாள் பெரிய அணியில். இப்போதைய விதிப்படி பெரிய அணிக்கு 50 ஆட்டம்தான் தயாராக இருக்கலாம், சம்பளம் புதியவரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. 2024-25-இல் அது சுமார் 5.78 லட்சம் டாலர். வெறும் ஜி லீக் ஒப்பந்தம் என்றால் ஒரு சீசனுக்குச் சுமார் 40 ஆயிரம் டாலர்தான். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால் டூ-வே செய்தி வரும்போது அந்த வீட்டில் ஏன் கொண்டாட்டம் என்பது புரியும்.

டோர்ட் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். கல்லூரியில் தன்னை நட்சத்திரம் ஆக்கிய ஆட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை ஒட்டிக்கொண்டு நிற்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். 2020 பிளே-ஆஃபில் ஹூஸ்டனின் ஜேம்ஸ் ஹார்டனுக்கு எதிரே நின்றார். ஹூஸ்டன் பதிலுக்கு டோர்டைத் தடுக்கவே இல்லை, எறியட்டும், எப்படியும் விழாது என்று விட்டுவிட்டது. சில ஆட்டங்களில் அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. ஏழாவது ஆட்டத்தில் மட்டும் ஆறு மூன்று-பாயிண்ட் உட்பட 30 புள்ளிகள். கடைசி நொடிகளில் வெற்றியைத் தரவேண்டிய எறிதலை ஹார்டனே பாய்ந்து தட்டிவிட்டார். ஹூஸ்டன் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. தோற்ற ஆட்டம்தான், ஆனால் அன்றிரவிலிருந்து டோர்ட் யார் என்று யாரும் கேட்கவில்லை. 2022-இல் ஐந்து வருட ஒப்பந்தம், 8 கோடி டாலருக்கு மேல். 2025-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் ஐவரில் ஒருவர். மூன்று-பாயிண்ட் எறிதல் அதற்குள் 40%-ஐத் தாண்டியிருந்தது.

மிசிசாகாவின் டில்லன் புரூக்ஸ் கதையும் இதே அச்சு. ஓரிகானில் அணியின் முதன்மைப் புள்ளிக்காரர், டிராஃப்டில் 45-வது இடம், என்.பி.ஏ.வில் தடுப்பாட்டத்தால் நிலைத்தவர். பதின்மூன்று வயதிலிருந்து பந்து தன் கையில்தான் என்று பழகிய ஒருவர், இருபத்தொரு வயதில் அதை விட்டுக்கொடுக்கத் துணிகிறாரா என்று பார்த்தால் பல கனடா வீரர்களின் எதிர்காலத்தைக் கணித்துவிடலாம். ஷே, மர்ரே மாதிரி கடைசிவரை பந்தைக் கையில் வைத்திருப்பவர்கள் விதிவிலக்குகள்.

## பணம் வந்தது, விசா குறுக்கே நின்றது

2021 வரை கல்லூரி வீரர் ஸ்காலர்ஷிப்பைத் தவிர ஒரு பைசா வாங்கக் கூடாது. அதனால் டிராஃப்டில் ஏதோ ஒரு இடம் தெரிந்தாலே ஓடுவது லாபம். பிறகு மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன.

1. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயர், முகம், புகழை வைத்துச் சம்பாதிக்கலாம்: விளம்பரம், கையெழுத்து, சட்டை விற்பனை எல்லாம்.

2. கல்லூரி மாறுவது எளிதானது. முன்பு மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும். 2024-இலிருந்து படிப்புத் தகுதி சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். போர்ட்டல் என்று செய்தியில் வருவது மாற விரும்புகிறவர்களின் பதிவேடு.

3. 2025 ஜூன் மாதம், கல்லூரி வீரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. ஜூலை முதல் கல்லூரிகளே வருமானத்தில் பங்காக வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

விளைவு உடனே தெரிந்தது. தானாகத் தகுதி வரும் முன்பே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள், வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்து, 2021-இல் 363 பேர். 2025-இல் 106 பேர். இரண்டாம் சுற்றில் போய் டூ-வேக்கு ஏங்குவதைவிடக் கல்லூரியில் இன்னொரு வருடம் இருப்பது பலருக்கு லாபமாகிவிட்டது.

பலருக்கு என்று சொன்னது அமெரிக்கக் குடிமக்களை. கனடா மாணவர் பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர். அந்த விசாவின் அடிப்படை விதி, படிக்க வந்தவர் வேலை பார்க்கக் கூடாது என்பது. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலைக்கு அனுமதி உண்டு. வெளியே தனி அனுமதி வேண்டும். இது மத்திய அரசின் குடியேற்றச் சட்டம். என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியதால் இது மாறாது. மீறினால் போவது வெறும் ஆட்டத் தகுதி இல்லை, நாட்டில் இருக்கும் உரிமையே.

வழக்கறிஞர்கள் இங்கே ஒரு கோடு கிழித்தார்கள். அமெரிக்காவில் நின்று ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் நடித்தால் அது வேலை. ஏற்கனவே இருக்கும் பெயரை ஒரு சட்டையில் அச்சடித்து விற்று அதில் உரிமைத்தொகை வந்தால் அது வேலை இல்லை என்று வாதிடலாம். அமெரிக்க எல்லைக்கு வெளியே செய்த வேலைக்கு வாங்கும் பணத்திலும் பிரச்சினை குறைவு. 2022-இல் கென்டக்கி அணி பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோது, காங்கோ நாட்டைச் சேர்ந்த அதன் நட்சத்திரம் ஆஸ்கர் ஷிப்வே அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார். கனடாக்காரருக்கு அந்த வசதி இன்னும் பக்கத்தில்: விடுமுறையில் வீட்டுக்குப் போனால் போதும். ஆனால் பெரிய பணம் இருப்பது கல்லூரி நகரத்துக் கடைக்காரரிடம், அங்கேதான் கை கட்டப்பட்டிருக்கிறது. கல்லூரியே நேரடியாகத் தரும் பங்கு எந்தப் பக்கம் விழும் என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி துணிச்சல் வேறுபடுகிறது; இந்தக் கோட்டைக் குடியேற்றத் துறை இதுவரை தெளிவாக வரைந்து கொடுக்கவில்லை.

இந்த முரண் ஒரு ஆளில் முழுதாகத் தெரிந்தது: டொரன்டோவின் ஸாக் ஈடி. ஏழடி நான்கு அங்குலம். சிறுவயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர், கூடைப்பந்தைத் தொட்டதே உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான். பர்டூ கல்லூரியில் சேரும்போது நட்சத்திரப் பட்டியலில் அவரை யாரும் தேடவில்லை. 2023-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். அப்போது டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். முதல் சுற்று நிச்சயமில்லை என்று தெரிந்ததும் திரும்பிவிட்டார். அமெரிக்கராக இருந்திருந்தால் அந்த நான்காம் வருடத்தில் கல்லூரி விளையாட்டிலேயே அதிகம் சம்பாதித்தவர்களில் ஒருவராகியிருப்பார். அவருக்கோ கதவு பெருமளவு மூடியே இருந்தது. ஆனாலும் திரும்பியது வீண் போகவில்லை. மறுபடியும் நாட்டின் சிறந்த வீரர். 1980-களின் தொடக்கத்தில் ரால்ஃப் சாம்ப்ஸனுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு முறை அப்படி வந்தவர் யாருமில்லை. 2024 இறுதி ஆட்டத்தில் பர்டூ தோற்றாலும் 37 புள்ளிகள் அவருடையவை. அதே ஜூனில் மெம்ஃபிஸ் அவரை 9-வது இடத்தில் எடுத்தது. ஒரு வருடப் பொறுமைக்கு விலை, இரண்டாம் சுற்றுக்கும் ஒற்றை இலக்க எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்.

இதையே திருப்பிப் போட்டாலும் கணக்கு வரும். கல்லூரியில் பணம் தாராளமாகக் கிடைக்காத கனடாக்காரருக்கு, டிராஃப்டில் நல்ல இடம் தெரிந்தால் காத்திருக்க அமெரிக்கரைவிடக் காரணம் குறைவு. கிச்சனரைச் சேர்ந்த வில் ரைலி இலினாயில் பெரும்பாலும் மாற்று ஆளாகவே இறங்கியவர். ஒரே வருடத்தில் கிளம்பி 2025-இல் 21-வது இடம் பெற்றார்.

## பெண்களுக்கு வேறு கடிகாரம்

பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் விதிப்படி அமெரிக்கக் கல்லூரியில் ஆடும் பெண், டிராஃப்ட் வருடத்துக்குள் 22 வயது நிறையவோ நான்கு வருடக் கல்லூரிக் காலம் முடியவோ வேண்டும். ஒரு வருடத்தில் ஓடும் கதை அங்கே இல்லை. கியா நர்ஸ், ஆலியா எட்வர்ட்ஸ் இருவரும் கனெக்டிகட்டில் நான்கு வருடம் முடித்தே முதல் சுற்றில் போனார்கள். விசா கயிறு அவர்களையும் அதேபோலக் கட்டுகிறது, அதுவும் நான்கு வருடம் முழுக்க. 2026-இல் டொரன்டோ டெம்போ என்ற புது அணி லீக்கில் சேர்வதால் அவர்களுக்குச் சொந்த ஊரிலேயே ஒரு முகவரி.

## அறுபதுக்கு வெளியே

என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கும் மேற்பட்ட கனடா ஆண்கள் ஆடுகிறார்கள். டிராஃப்டில் வருவது சில வருடம் ஐந்தாறு பேர், சில வருடம் ஓரிருவர். மற்றவர்களில் பலருக்கு வேலை வெளிநாட்டில்தான், அது ஒன்றும் ஏனோதானோ வேலை இல்லை. கொன்சாகாவில் நான்கு வருடம் ஆடிய கெவின் பாங்கோஸை 2015-இல் யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. லிதுவேனியா, பார்சிலோனா, ரஷ்யா என்று ஐரோப்பாவின் உச்ச லீக்கில் வருடக்கணக்கில் ஆடி, 2021-இல் கிளீவ்லாந்து வழியாக என்.பி.ஏ.வையும் தொட்டுவிட்டு வந்தார். கனடாவிலேயே 2019-இல் தொடங்கிய எலீட் லீக் கோடையில் நடக்கிறது. குளிர்காலத்தில் ஐரோப்பாவில் ஆடுகிறவர்கள் ஊருக்கு வந்து சில மாதம் அதில் ஆடலாம். எஜிம் இத்தாலி, ரஷ்யா என்று சுற்றி நல்ல பெயர் எடுத்தார்.

2023 செப்டம்பர் 10 அன்று மணிலாவில் உலகக் கோப்பையின் வெண்கலப் பதக்க ஆட்டம். கனடா கூடுதல் நேரத்தில் அமெரிக்காவை 127-118 என்று வீழ்த்தியது. அன்று கனடாவின் பன்னிரண்டு பேர் பட்டியலில் 3-வது இடத்து பாரெட் இருந்தார், 11-வது இடத்து ஷே இருந்தார். 39 புள்ளிகள் அடித்தவர் 45-வது இடத்து புரூக்ஸ். டோர்ட் இருந்தார். ஈடி அப்போது இன்னும் கல்லூரி மாணவர். 48 புள்ளி எஜிமும் இருந்தார். அமெரிக்கக் கல்லூரிப் பக்கமே போகாமல் ஒட்டாவாவின் கார்ல்டனில் ஆடி, ஐரோப்பாவில் பிழைத்த ஸ்க்ரப் சகோதரர்கள் இருவரும் அதே பெஞ்சில் இருந்தார்கள்.